இரண்டு வயிறு, ஓர் அட்டை

எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாகச் சீட்டு எழுதுகிறவன் நான். என் ஜன்னலுக்கு வருகிறவர்களிடம் கேட்பது மூன்றே கேள்விதான்: பேர், வயது, ஊர். நான்காவதாக ஒன்றை இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், அடக்கி வாசிக்க எனக்குத் தெரியாது. அந்த ஜன்னலில் தொடங்கிய புதிர் இது. அவிழ்க்கத் தேவையானதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள்.

தேங்காய் நார்க் களத்தில் வேலை செய்யும் மரகதம் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடித்திருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டையை நீட்டி, "இவ பேரு மரகதமுங்க" என்றாள். பிறகு முந்தானையை இழுத்துத் தன் ஏழு மாத வயிற்றை மூடிக்கொண்டாள்.

வலியோடு வந்தவள் உண்மையில் ரொஷிதா. பர்மாவில் வீட்டைக் கொளுத்திவிட, எல்லை தாண்டி வந்தவள். களத்தில் மரகதத்துக்குப் பக்கத்தில் நார் காயவைப்பவள். அவளிடம் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. ஆஸ்பத்திரியில் காகிதம் கேட்பார்கள், இல்லையென்றால் போலீசில் பிடித்துக் கொடுப்பார்கள் என்று களத்தில் யாரோ சொல்லிவைத்ததில், ஒன்பது மாதமும் அவள் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதனால்தான் மரகதம் தன் அட்டையையே கொடுத்துவிட்டாள்.

குழந்தை மூன்று கிலோவில் நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு ரத்தப்போக்குத்தான் நிற்கவில்லை. உடனே ரத்தம் ஏற்றச் சொன்னார் டாக்டர் திலகவதி. அட்டையில் 'ஏ பாசிட்டிவ்' என்றிருந்தது. ஆனால் ஆய்வகத்து அய்யாவு எந்த அட்டையையும் நம்பாதவர். பெற்ற தாயே வந்து சொன்னாலும் சோதித்துப் பார்க்காமல் ஒரு பை ரத்தம்கூட வெளியே விடமாட்டார். பார்த்தார், 'பி பாசிட்டிவ்'. சரியான ரத்தத்தோடு வார்டுக்கு ஓடினார். ரொஷிதா பிழைத்தாள்.

வார்டு வாசலில் மரகதம் அய்யாவுவை மறித்து, நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள். "அட்டையில அந்த ஒரு எழுத்த மட்டும் மாத்திருங்க அண்ணா. அவ எம் பேருலயே பெத்ததா இருந்துட்டுப் போகட்டும்."

அய்யாவு மாற்றவில்லை. நேரே டாக்டரிடம் போனார். "இந்தம்மா மரகதம் இல்லீங்க. அட்டை வேற ஒருத்தருது."

கட்டிலில் கிடந்த ரொஷிதா அதைக் கேட்டதும் குழந்தையை மாரோடு இறுக்கிக்கொண்டாள். பிடுங்கிக்கொண்டு விரட்டிவிடுவார்கள் என்றே நினைத்தாள். மரகதம் அய்யாவுவைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றாத குறைதான்.

உயிர் பிழைத்தாகிவிட்டது. ஓர் எழுத்தை மாற்றியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். தோழிக்காக மறைத்த மரகதம், போட்டு உடைத்த அய்யாவு. இதில் யார் செய்தது சரி?

விடை: அய்யாவு செய்ததுதான் சரி. மரகதத்தின் மனசு தங்கம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தன் வயிற்றை அவள் மறந்துவிட்டாள். அந்த அட்டையில் பிரசவம் ஆகிவிட்டது என்று எழுதிவிட்டால் கிராம நர்ஸ் அப்புறம் அவள் வீட்டுக்கு ஏன் வரப்போகிறார்? அவளுடைய ரத்தப் பிரிவும் தப்பாகப் பதிவாகியிருக்கும். இரண்டு மாதம் கழித்து வலியோடு வரும்போது, காகிதம் இல்லாதவள் மரகதமாக இருந்திருப்பாள்.

டாக்டர் போலீசைக் கூப்பிடவில்லை. புதுச் சீட்டு எழுத என்னைத்தான் கூப்பிட்டார். காகிதம் கேட்காத எங்கள் மூன்று கேள்வி நார்க் களம்வரை போய்ச் சேராதது எங்கள் குற்றம் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. கட்டிலருகே நின்று கேட்டேன். பேர் ரொஷிதா. வயது இருபத்திரண்டு. ஊர் என்றதும் அவள் வெகுநேரம் என் பேனாவையே பார்த்தாள். பிறகு எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னாள். அப்படியே எழுதினேன்.