மண் மூடிய அடுப்பு

அமிர்தவல்லி அம்மைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவருடைய சீடர் பொன்னம்பலம் அறுபதைத் தாண்டியவர். அரிசி ஆலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஞானம் தேடி வந்தவர். பங்குனி மாதம் இருவரும் மலையுச்சிக் கோயிலுக்குக் காட்டுவழியே நடந்தார்கள்.

ஓடைக்கரையில் ஓர் இரவு தங்கினார்கள். காலையில் பொன்னம்பலம் கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சினார். குடித்துவிட்டு ஏறத் தொடங்கினார்கள்.

ஏற்றத்தில் அம்மை கேட்டார்.

"அடுப்பை அணைத்தீர்களா, ஐயா?"

"மண்ணைத் தள்ளி மூடிவிட்டேன், தாயே."

"தண்ணீர் ஊற்றவில்லையா?"

"கொஞ்சம் கங்குதான். அதெல்லாம் அணைந்திருக்கும்."

அம்மை நின்றார். பிறகு வந்த வழியே இறங்கினார்.

"தாயே, உச்சி இதோ தெரிகிறது! பௌர்ணமி பூசை போய்விடுமே!"

"போகட்டும்."

பொன்னம்பலம் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். ஓடை வளைவில் புகை நெடி அடித்தது.

அடுப்பிலிருந்து கிளம்பிய நெருப்பு சருகின்மேல் ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் காய்ந்த மூங்கில் புதர். புதரடியில், வெறுந்தரையில், ஒரு பக்கிக்குருவி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. புகை சூழ்ந்தும் அது எழவில்லை.

"பொன்னம்பலம்!"

அம்மை ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"துண்டை நனைத்துக்கொண்டு ஓடி வாரும்!"

அவர் ஈரத்துண்டால் அடித்தார். அம்மை பச்சைக் கொப்பை ஒடித்து அடித்தார். சருகை இரு கையாலும் வாரி விலக்கினார். காவிச் சேலையின் ஓரம் கருகியது. மூங்கிலை எட்டும் முன்பே நெருப்பு அடங்கியது. குருவி அப்படியே இருந்தது.

பொன்னம்பலம் மூச்சு வாங்கினார்.

"ஒன்றும் ஆகிவிடவில்லையே. இப்போது புறப்பட்டால்கூட பூசைக்குப் போய்விடலாம்."

அம்மை அடுப்பைக் காட்டினார்.

"அந்தச் சாம்பலில் கையை வையும்."

பொன்னம்பலம் கையை நீட்டினார். பாதியிலேயே வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுகிறது, இல்லையா? உம்மால் இழுத்துக்கொள்ள முடிகிறது. அந்தக் குருவி முட்டையை விட்டுவிட்டு எங்கே போகும்? ராத்திரி முழுக்க இந்தக் காடு நமக்குப் படுக்க இடம் கொடுத்தது. விடிந்ததும் அதற்குக் கொள்ளி வைத்துவிட்டுச் சாமி பார்க்கப் போகிறீர்! கிளம்பும்போதே ஒரு வார்த்தை கேட்காமல் முன்னே நடந்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்!"

பொன்னம்பலத்தின் முகம் சிவந்தது.

"கோபத்தை விடச் சொல்லித் தந்தது நீங்கள்தானே? உங்களுக்கே இத்தனை கோபமா?"

அம்மை தூக்குவாளியை எடுத்து அவர் கையில் திணித்தார்.

"என் கோபம் தானாக ஆறிவிடும். இது ஆறாது. தண்ணீர் கொண்டு வாரும்."