கீழாநெல்லிப் பாத்தி

குலசேகரனுக்கு அறுபத்தொரு வயது. மலை மடத்துக்கு வந்து மூன்று மாதமாகியும் ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அவருடைய குரு பூங்கோதையம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

"என் மகன் குடிச்சே அழியிறான்மா. அந்தக் குடியை ஒரேயடியா எடுக்க வழி சொல்லுங்க."

"முதல்ல நம்ம ஓட்டு மேல இருக்கிற பாசியை எடுங்க. மழை பெய்ஞ்சா உள்ள ஒழுகுது. கீழ இருக்கிற கீழாநெல்லிக்கு மட்டும் ஒண்ணும் ஆகக் கூடாது. நாளைக்குக் காமாலைக்காரங்க மருந்துக்கு வர்றாங்க."

மனுஷனுக்குப் பொறுமை ஏது? வாளி நிறைய பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓட்டின் மேல்தான் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும். மகனைத் திட்டி ஆறு நிமிஷம் பேசிப் பதிவுசெய்த வாய்ஸ் மெசேஜ் சட்டைப் பையில் தயாராக இருந்தது.

வாளியைச் சாய்க்கப் போனபோது, பின்னாலேயே ஏறி வந்த பூங்கோதையம்மாள் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை முகட்டில் ஊற்றினார்.

"கீழ பாருங்க."

மஞ்சள் ஓடு ஓடாக வழிந்து கீழாநெல்லிப் பாத்தியில் சொட்டியது. ஓர் இலைகூடத் தப்பவில்லை.

குலசேகரன் தன் வாளியைப் பார்த்தார்.

"அப்ப எப்படித்தான் எடுக்கிறது?"

"செடி மேல சாக்கைப் போடுங்க. மூங்கில் சிம்பால மேலேயிருந்து கீழ சுரண்டுங்க. ஒவ்வொரு ஓடா."

"நாலு நாள் ஆகுமே."

"ஆகட்டும்."

அம்மா இறங்கிப் போனார். இவர் முணுமுணுத்துக்கொண்டே சாக்கை விரித்துவிட்டு வந்து சுரண்டினார். மத்தியானத்துக்குள் ஒரு வரிசைதான் முடிந்தது. முட்டி வலித்தது. அதற்கு மேல் தாங்காமல் போனை எடுத்தார்.

"மகனுக்கா?" கீழேயிருந்து அம்மாவின் குரல்.

"ஆமா. மனசுல இருந்த அத்தனையும் கொட்டிட்டேன். இதைக் கேட்டாவது திருந்தட்டும்."

"காதுல வச்சுக் கேட்பாரா?"

"எங்க? தையக்காரனுக்குக் கை ஒழியாது. ஸ்பீக்கர்ல போட்டு மெஷின் பக்கத்துல வச்சிருவான்."

"பக்கத்துல வேற யாரு இருப்பாங்க?"

"பேத்திதான். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கதான் உட்கார்ந்து பட்டன் பொறுக்கும். அப்பன்னா உசிரு அதுக்கு..."

விரல் போன் மேல் அப்படியே நின்றது.

அம்மா ஏணியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"பட்டன் பொறுக்குற அந்தச் செடிக்கு என்ன வயசு?"