யாரை எழுப்பணும்?

ஒரு நூல் மில் ஆபீஸில் பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு. அதுக்குள்ளே, தனிப் பெட்டி இல்லாம மென்பொருளாலேயே ஆன மில்லோட விர்ச்சுவல் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் குடியிருக்கும். அதுகளை மேய்க்கிறதுக்கென்றே ஒரு சர்வர். அந்தச் சர்வருக்குப் புது மென்பொருள் ஏத்தினாங்க. ஏத்தின கையோட செட்டிங்கெல்லாம் கலைஞ்சு போச்சு.

மேனேஜர் தனபாலன், காண்ட்ராக்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த இசக்கியம்மாளைக் கூப்பிட்டார். "சாயங்காலத்துக்குள்ளே பழையபடி ஆகணும். இல்லேன்னா நாளைக்கு வராதே!"

சோறு தண்ணி மறந்து உட்கார்ந்து, அவளும் சரி பண்ணிட்டாள். அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். மேனேஜர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எல்லாம் நானே செஞ்சதுங்க ஐயா. இந்தப் பொண்ணு இனி நமக்குத் தேவையில்லை."

இசக்கி சண்டைக்குப் போகலை. திரையைக் காட்டினாள். "ஒரே ஒரு கட்டம் நிரப்பப் பாக்கி இருக்கு சார். ராத்திரியில பழுதானா யாரை எழுப்பணும்னு கேக்குது. செஞ்சவங்களுக்குத்தானே சரி பண்ணத் தெரியும்? உங்க நம்பரைப் போட்டுடட்டுமா?"

மேனேஜர் அவசரமா குறுக்கே கையை நீட்டினார். "ஐயோ, வேண்டாம்மா! என்னை எழுப்பினா நான் எதைன்னு திருகுவேன்? உன் நம்பரையே போடு!"

முதலாளி சிரிக்கலை. "போடும்மா" என்றார். "தனபாலன், இந்தப் பொண்ணை நிரந்தரமாக்குற உத்தரவை நீங்களே டைப் பண்ணுங்க. அதுவாவது தெரியுமில்லே?"