கூண்டும் புதுக் காரும்

நாமக்கல் பைபாஸ் ஓரத்துப் பஞ்சர் கடையில் மாதையன் லாரி டயருக்குக் காற்றுப் பிடிப்பவன். டயரை இரும்புக் கூண்டுக்குள் தள்ளாமல் காற்றுக் குழாயைத் தொடமாட்டான். காற்று ஏறும்போது டயரைச் சக்கரத்தோடு பிடித்திருக்கும் இரும்பு ரிங் தெறித்தால் பக்கத்தில் நிற்கிற ஆள் மிஞ்சமாட்டான். அந்தப் பயத்தோடுதான் அவன் பெண்டாட்டி தினமும் சோறு கட்டி அனுப்புவாள்.

அன்று கூண்டுக்குள் வேறொரு லாரியின் டயர் இருந்தது. லாரி முதலாளி குழந்தைவேலு தன் புதுக் காரை நிழலில் நிறுத்திவிட்டு வந்து கத்தினார்.

"கூண்டுல அடைக்க அதென்ன கோழியாடா? என் டயருக்கு வெளியவே வெச்சுப் பிடி. முட்டை லோடு வெயில்ல நிக்குது. முடியாதுன்னா உன் கடைக்காரர்கிட்டச் சொல்லிருவேன், இன்னிக்கே உன் வேலை போயிரும்."

"ரிங் தெறிச்சா என்னங்க பண்றது?"

"தெறிக்காது. நான் சொல்றேன்ல!"

மாதையன் டயரை உருட்டிக்கொண்டு போய்ப் புதுக் காரின் கதவோரம் சாய்த்து வைத்துக் குழாயை இழுத்தான்.

"டேய், டேய்! காரை விட்டுத் தள்ளிப் போடா!"

"தெறிக்காதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காரையும் மாதையனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தானே அந்த டயரை உருட்டிக்கொண்டு போய்க் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.