ஓட்டை விழுந்த வெண்கொற்றக் குடை

முன்னே ஒரு காலத்திலே, காஞ்சிரங்காடு என்கிற நாட்டை இடும்பவர்மன் என்று ஒரு ராசா ஆண்டுவந்தான். பேருக்கேற்ற இடும்பு. தூங்கும் நேரம் தவிர எந்நேரமும் அவன் தலைக்கு மேல் வெண்கொற்றக் குடை விரிந்திருக்க வேண்டும். குளிக்கப் போனாலும் குடை, மாங்காய் பறிக்கப் போனாலும் குடை. இருபது வருசம் அரசாண்டவன், தன் தலைக்கு நேர்மேலே வானம் எப்படி இருக்கும் என்று பார்த்ததே இல்லை.

ஒருநாள் சபையில் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "சோதிடரே, ராத்திரி ஆயிரம் நட்சத்திரம் இருக்கிறதாமே. பகலில் அதெல்லாம் எங்கே போகிறது?"

அரண்மனைச் சோதிடர் விருபாட்சர் யோசிக்கவே இல்லை. "தாங்கள் கண்விழித்ததும், தங்கள் முகத்தின் ஒளியைப் பார்த்து வெட்கப்பட்டு ஓடி ஒளிந்துகொள்கின்றன, மகாராசா."

ராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கழுத்து முத்துமாலையைக் கழற்றக் கையைக் கொண்டுபோனான். அப்போது வாசற்பக்கம் களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது.

சிரித்தவள் சடைச்சி. அரண்மனையில் நாழிகை மணி அடிப்பவள். அடியில் பொடி ஓட்டை போட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவாள். அது நிறைந்து மூழ்கினால் ஒரு நாழிகை, மணியில் ஒரு அடி. புருசன் செத்த பிறகு அந்த வேலைதான் அவளுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சோறு. விருபாட்சருக்கோ அவளைக் கண்டாலே ஆகாது. தான் குறித்த முகூர்த்தத்துக்குத் தானே தாமதமாக வருவதை அவள் மணி ஊருக்கெல்லாம் சொல்லிவிடுகிறதே!

"என்னடி சிரிப்பு?" என்று உறுமினான் ராசா.

"தப்புத்தான் சாமி. ஆனா நட்சத்திரம் எங்கேயும் போகலை, அங்கேயேதான் இருக்கு. நடுப்பகல்லே முத்தத்துலே அகல் ஏத்தி வச்சா யாரு கண்ணுக்குத் தெரியும்? அந்தக் கதைதான்."

"அப்படியானால் காட்டு!"

"காட்டுறேன் சாமி. நாளைக்குப் பொழுது கிளம்பி ஏழரை நாழிகையிலே."

"ஐயோ, ஏழரையா!" என்று சோதிடர் காதைப் பொத்திக்கொண்டார். "மகாராசா, இவள் காட்டாவிட்டால் வேலையைப் பிடுங்கி, மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி ஊரைவிட்டே அனுப்ப வேண்டும். காட்டிவிட்டால் அதே கழுதையில் நான் ஏறுகிறேன். இன்னொன்று, குடை தங்களைவிட்டு விலகக் கூடாது. விலகினால் நாடும் விலகும் என்பது முன்னோர் வாக்கு."

குடைக்குக் கீழே இருப்பவன் வானத்தை எப்படிப் பார்ப்பான்? மனுசன் நன்றாகவே குழி வெட்டியிருந்தார்.

மறுநாள் காலை கிண்ணம் ஏழுமுறை மூழ்கியது. எட்டாவது முறை பாதி நிறைந்ததும் சடைச்சி முற்றத்துக் கொடிமரத்தடிக்கு ஓடிவந்தாள். "மகாராசா, இங்கே மல்லாந்து படுங்க."

"யார், நானா?"

"அண்ணாந்தா கழுத்து வலிக்கும் சாமி. படுத்துக்கிட்டு மரத்து உச்சியைப் பாருங்க."

ராசா படுத்தான். அந்த நாட்டில் ராசாவின் தலையைவிட வேறு எந்தத் தலையும் உயரத்தில் இருக்கக் கூடாது. ஆகவே மந்திரி படுத்தார், சேனாபதி வாளோடு படுத்தார், தொப்பையைச் சமாளித்துக்கொண்டு சோதிடரும் படுத்தார். குடைக்காரன் படுத்தபடியே குடைக்காம்பை வயிற்றில் ஊன்றிப் பிடித்தான். காய்கிற வடகம் மாதிரி மொத்த சபையும் முற்றத்தில் கிடந்தது.

"குடைதான் தெரிகிறது" என்றான் ராசா. சோதிடர் தொண்டையைச் செருமினார்.

ஒரு ஓரமாகப் படுத்திருந்த சடைச்சி, "குடை எதுக்கு சாமி?" என்று கேட்டாள்.

"வெயில் படாமலிருக்க."

"வெயில் கிழக்கே இருக்கு. விலக்க வேணாம், வெயில் பக்கமாக் கொஞ்சம் சாய்ச்சாப் போதும்."

சோதிடர் வாய் திறப்பதற்குள் குடை சாய்ந்தது. சூரியன் மறைந்தது, தலைக்கு மேலே வானம் திறந்தது. உண்மையைச் சொன்னால், அந்தக் குடை மட்டும் இல்லாவிட்டால் வெயில் கூச்சத்தில் ராசாவுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. சோதிடர் வெட்டிய குழியையே கிணறாக்கிச் சடைச்சி தண்ணீர் இறைத்துவிட்டாள்.

"மரத்து நுனியிலேயிருந்து ஒரு விரற்கடை மேற்கே பாருங்க சாமி."

"ஒன்றுமில்லையே."

மூன்று பிள்ளைகளின் முகமும் சடைச்சியின் கண்முன் வந்துபோனது. "கண்ணை எடுக்காமப் பாருங்க சாமி."

"ஒன்றும்... ஏய்! அதோ! உப்புக்கல் மாதிரி!" ராசா காலை உதைத்துக்கொண்டு கத்தினான்.

"அதான் விடிவெள்ளி. இன்னைக்குச் சூரியனுக்கு ஏழரை நாழிகை முன்னாலே கிளம்பிச்சு. சூரியன் உச்சிக்கு ஏறப் பதினஞ்சு நாழிகை ஆகுது. வெள்ளிக்கும் கிட்டத்தட்ட அதே பாதை, அதே நடை. அப்போ சூரியன் கிளம்பி ஏழரையிலே அது உச்சியிலே நிக்கணுமில்லே? மத்ததும் அங்கேதான் இருக்கு சாமி. வெளிச்சம் கம்மி, நம்ம கண்ணுக்கு எட்டலை."

ராசா தலையைத் திருப்பினான். "சோதிடரே, உமக்குத் தெரிகிறதா?"

தெரிகிறது என்றால் கழுதை. தெரியவில்லை என்றால் ராசா சொன்னது பொய். "தெ...தெரிகிறது, மகாராசா."

"என்னைப் பார்த்து வெட்கப்பட்டு ஒளியும் என்றீர். இது என் முகத்தையே அல்லவா முறைக்கிறது?"

"அது ஒன்று மட்டும் கொஞ்சம் வெட்கங்கெட்டது, மகாராசா!"

சபை படுத்தபடியே சிரித்தது. குடைக்காரன் வயிறு குலுங்கியதில் குடை சரிந்து சோதிடர்மேலேயே கவிழ்ந்தது.

"கொண்டுவாருங்கள் கழுதையை!" என்றான் ராசா.

"வேணாம் சாமி" என்று சடைச்சி கும்பிட்டாள். "பாவம், கழுதை என்ன தப்புப் பண்ணுச்சு?"

கழுதை தப்பித்தது. சோதிடர் ஒரு மண்டலம் சடைச்சிக்குக் கீழே உட்கார்ந்து கிண்ணத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பானது. முத்துமாலை சடைச்சி கழுத்துக்குப் போனது. ராசா மட்டும் எழுந்திருக்கவில்லை. "இருபது வருசமாகத் தலைக்கு மேலே நின்றிருக்கிறது. நான் குடையையே பார்த்துக்கொண்டிருந்தேனே" என்றான். அன்றைக்கே குடையின் நடுவில் ஒரு சாண் ஓட்டை போடச் சொன்னான்.

அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஓட்டை வழியே ராசாவின் மூக்கில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ராசா துடைத்துக்கொண்டு மணிக்கூடத்துக்கே நடந்துபோய், கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த விருபாட்சரைக் கேட்டான்: "சோதிடரே, இந்த மேகம் எப்போது விலகும்?"

சோதிடர் மேலே பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். சடைச்சியைப் பார்த்தார். "தெரியாது, மகாராசா" என்றார்.

அந்த ஒரு பதிலுக்கு ராசா தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான்.