வடிவும் சுவடி தின்ற ஆடும்

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மேகமெல்லாம் மலையிறங்கி வந்து குளத்தில் தண்ணீர் குடித்துப் போன காலத்தில், செம்பரை நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே வைத்தியம் பார்க்க வேண்டுமானால், தலைநகரின் தேர்வுச் சபையில் தேறி மோதிரம் வாங்க வேண்டும். சபையில் மூன்று பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒருவர்கூடத் தேறவில்லை.

வடிவு என்றொரு பெண், பானை செய்கிறவரின் மகள். அவள் ஊரில் வைத்தியரே கிடையாது. ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அவள் தங்கை போய்விட்டாள். அன்றைக்குச் சுவடியை எடுத்தாள் வடிவு. படித்தாள், மறந்தாள், மறுபடி படித்தாள்.

முதல் வருஷம் மூலிகை படித்துப் போனாள். சபையில் எலும்பைப் பற்றிக் கேட்டார்கள். அடுத்த வருஷம் எலும்பு படித்துப் போனாள். நாடியைப் பற்றிக் கேட்டார்கள்.

“இது பாடத்தில் இல்லையே, ஐயா!”

“பாடம் மாறிவிட்டது” என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

மூன்றாம் வருஷம் மூன்றையும் படிக்க உட்கார்ந்தாள். தலை சுற்றியது. அழுகை வந்தது. சுவடியைத் தூக்கி எறிந்தாள். குளக்கரையில் மேய்ந்த வெள்ளாடு அதில் ஓர் ஓலையை உருவி மென்றது.

“ஓலை நல்ல ருசி. ஆனால் நாடி பார்க்கும் விரலை மாற்றி எழுதியிருக்கிறது” என்றது.

வடிவுக்கு அழுகை நின்றுபோயிற்று. “நீங்கள் யார், ஆட்டாரே?”

“சபையின் நான்காவது ஆள். தேர்வில் தோற்ற மாகாளன் என்ற மந்திரவாதி, படிக்காததை மட்டுமே கேட்கும்படி எங்களைச் சபித்தான். நான் எதிர்த்துப் பேசினேன். ஆடாக்கிவிட்டான்.”

“சாபம் தீர வழி?”

“அதைச் சொல்ல வாயெடுத்தால்... மே!”

அன்று முதல் இருவரும் சேர்ந்தே படித்தார்கள். அவள் ஒப்பிப்பாள், மனப்பாடமான ஓலையை ஆடு தின்றுவிடும். மறுநாள் மறந்துபோனால் பார்க்க ஓலை இருக்காது! வடிவு திட்டுவாள். பிறகு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள். படித்தாள், மறந்தாள், மறுபடி படித்தாள்.

தேர்வு நாள் வந்தது. ஆட்டை வாசலில் விட்டு உள்ளே போனாள்.

“யானைக்குப் பல்வலி வந்தால் என்ன மருந்து?”

“தெரியாது, ஐயா.”

இரண்டாம் கேள்வி தொடங்கியதுமே வெளியில் ஆடு கத்தியது. “வடிவு! கிணற்றுச் சுவர் இடிந்துவிட்டது. தண்ணீர் எடுக்க வந்தவள் கால் கல்லுக்கடியில்!”

வடிவு எழுந்தாள்.

“வாசலைத் தாண்டினால் இனி ஆயுசுக்கும் தேர்வு கிடையாது” என்றார்கள் மூவரும்.

தங்கை முகம் நினைவுக்கு வந்தது. மோதிரமில்லாமல் ஊருக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஓடினாள்.

ஆட்களைக் கூப்பிட்டுக் கல்லைப் புரட்டினாள். நாடி பார்த்தாள். மூங்கில் வைத்து எலும்பைக் கட்டினாள். பச்சிலை அரைத்துப் பூசினாள். “வலி குறையுதம்மா” என்று அந்தப் பெண் கண்ணைத் திறந்ததும், பக்கத்தில் ஆடு இல்லை. வாயில் புல்லோடு ஒரு மனிதர் நின்றார்!

“தேர்வைவிட நோயாளி பெரிது என்று ஒருவர் எழுந்து போனால் சாபம் தீரும். இதைத்தான் சொல்ல முடியாமல் தவித்தேன்” என்றார்.

சபையின் மூவரும் தூங்கி எழுந்தவர்கள்போல ஓடிவந்து மோதிரத்தை நீட்டினார்கள். வடிவு கையை நீட்டவில்லை.

“முதலில் ஒழுங்காகக் கேளுங்கள். சொல்கிறேன்.”

கிணற்றடியிலேயே ஒன்பது கேள்வி கேட்டார்கள். எட்டுக்குச் சரியாகச் சொன்னாள். மோதிரம் விரலில் ஏறியது.

“எனக்கு முன்னால் அழுதுகொண்டே போனவர்களையும் கூப்பிடுங்கள்” என்றாள்.

முரசு அறைந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். கடைசியில், மந்திரம் தீர்ந்துபோன மாகாளனும் தலைகுனிந்து வந்தான். நியாயமாகவே கேட்டார்கள். நாடியில் தவறிவிட்டான். சுவடியோடு வீட்டுக்குப் போனான், மறுபடி படிக்க.

அடுத்த மழைக்காலத்திலும் வடிவின் ஊருக்குக் காய்ச்சல் வந்தது. வீடு வீடாக நனைந்துகொண்டே போனாள். மழை விட்ட அன்று தெருவில் அத்தனை பிள்ளைகளும் விளையாடினார்கள், ஒன்று குறையாமல். கதை கேட்ட நீங்களும் அப்படியே நன்றாயிருங்கள்.