செவலையின் நாலு அறைகள்

காது குத்து வீட்டில் பெரியமாமா மைக்கைப் பிடித்து, "மாட்டு வயித்தை அறிஞ்சவன் எவனோ, அவன்..." என்று ஆரம்பித்தது சுடலைக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குள் பந்தியில் பாயசம் வந்துவிட்டது. அறிந்தவனுக்கு என்ன கிடைக்கும் என்பது இன்றுவரை அவனுக்குத் தெரியாது. இருந்தாலும் கிடைப்பதை விடக்கூடாது என்று, நாற்பத்தாறு வயதில் மாட்டு டாக்டருக்குப் படிக்கத் துணிந்தான்.

படிப்புக்கு முன்னால் அடிப்படை உயிரியல் வகுப்பு ஒன்று உண்டு. சுடலை தனியாகப் போகக் கூச்சப்பட்டு மச்சான்மார் மூவரையும் கூட்டிக்கொண்டு போனான். சங்கிலி, காராளன், வெள்ளையப்பன். செவலைப் பசுவும் நால்வருக்கும் பொதுதான்.

ஜெபமணி டீச்சர் படத்தைக் காட்டி, மாட்டின் இரைப்பைக்கு நாலு அறை, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கவனியுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை வந்து மாட்டைப் பார்ப்பேன், கேள்வியும் கேட்பேன், தேறுகிறவரைத்தான் படிப்புக்குச் சிபாரிசு செய்வேன் என்றும் சொன்னார்.

ஊர் திரும்பியதும் ஆளுக்கொரு அறையாகப் பிரித்துக்கொண்டார்கள். மூத்தவன் என்பதால் முதல் அறை சுடலைக்கு. அவரவர் அறைக்கு அவரவர் புல்.

வழி தவறிவிடக் கூடாதே என்று காராளன் தன் புல்லை வாழையிலையில் கட்டி, மேலே 'மூன்றாம் அறை' என்று எழுதினான். செவலை முகவரியையும் சேர்த்துத் தின்றது. கடைசி அறைக்காரன் வெள்ளையப்பன் மாட்டின் காதருகே போய், இது கடைசி வரைக்கும் போகணும் தாயி என்று பணிவாகச் சொல்லிவிட்டுத்தான் ஊட்டினான்.

சாயங்காலம் செவலை படுத்துக்கொண்டு வாயை அசைத்தது. யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. சுடலை குனிந்து பார்த்தான். முகம் கறுத்துவிட்டது.

"காலையில நான் போட்ட புல்லு. வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டா."

"திருப்பி அனுப்பலை மச்சான். வாசலுக்குக் கொண்டாந்து சரிபார்க்கா," என்றான் சங்கிலி.

"அப்ப ரெண்டாம் தடவை முழுங்குறது யாரு கணக்கு?"

"அது ரெண்டாம் அறை. எனக்குத்தான்."

"என் புல்லைத் தின்னு உன் அறை கொழுக்கணுமோ? நல்லா இருக்குலே நியாயம்."

வழக்கு தீரும்வரை யாரும் புல் போடுவதில்லை என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஒரு நாள் பொறுத்த செவலை, கயிற்றை அறுத்துக்கொண்டு போய் சுடலையின் மாட்டுக்கொட்டகை வைக்கோல் கூரையில் பாதியைத் தின்றது. நால்வரும் ஓடிப்போய், கூரை எந்த அறைக்குச் சேரும் என்று விவாதித்தார்கள். அது முடிவதற்குள் மீதிப் பாதியும் உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை டீச்சர் வந்து செவலையின் இடது விலாவைத் தட்டிப் பார்த்தார். வயிறு திருப்தியாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார். முதல் அறையில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன, புல்லைச் சிதைப்பதே அவைதான் என்றார். என்னைக் கேட்காமல் யார் குடிவைத்தது என்று சுடலை திகைத்தான். நாலாவது அறைக்கு உண்மை இரைப்பை என்று பெயர் என்றதும் வெள்ளையப்பன் மீசையைத் தடவினான். மற்ற மூவரும், இத்தனை நாள் போலிக்கா புல் போட்டோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

பிறகு கேள்வி. வாயில் போட்ட புல் எந்த வழியாக எங்கே போகிறது?

சங்கிலி வாலைக் காட்டினான். காராளன், இலையில் எழுதியிருக்கும் பாருங்கள் என்றான். வெள்ளையப்பன், நேரே எனக்கு என்றான். சுடலை பத்து நிமிஷம் யோசித்து, கூரைக்கு என்றான்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க நாலு பேருல ஒருத்தருக்கும் தெரியலை. இந்தப் பசுவுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு."

சுடலை டீச்சர் கையிலிருந்த சிபாரிசுத் தாளை வாங்கி, அதிலிருந்த தன் பெயரை அடித்துவிட்டு, மேலே செவலை என்று எழுதி, பாதுகாவலர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டான்.